குத்துப்படாத புழு

என் வேலை புழுவைக் குத்துவது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் சொல்வேன். அவர் தன் இலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார். நகர்த்தட்டும், எனக்குக் கை வீசிச் சாப்பிட இடம் கிடைக்கும்.

சாணக்குப்பையில் கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழு அது. கட்டைவிரல் பருமன், வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, சுருண்டே கிடக்கும். ஊசி முனையைப் பாக்டீரியாவில் தோய்த்து அதன் விலாவில் குத்துவேன். புழு முறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பி என் கையுறையைக் கடிக்கப் பார்க்கும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நாளில் உள்ளே வெட்டுக்குத்து நடக்கிறது. வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை அடிக்கிற வசதியெல்லாம் நம் உடம்புக்குத்தான். புழுவிடம் இருப்பது சின்னச் சின்னப் புரதங்கள். குத்துப்பட்டதும் அதன் கொழுப்பிலிருந்து சுரந்து ரத்தத்தில் இறங்கும். பாக்டீரியாவின் மேல்தோலில் ஒட்டி ஓட்டை போடும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி பாக்டீரியா செத்துப்போகும். மறுநாள் நான் புழுவின் காலைக் கத்தரித்து, அந்த மஞ்சள் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து ஐஸில் வைத்த குழாயில் பிடிப்பேன். ரத்தம் போன புழு தோல்பை மாதிரி தொங்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

அந்த ரத்தத்தில் ஒரு காகித வில்லையை நனைத்து, பாக்டீரியா பூசின கண்ணாடிப் பிளேட்டின் நடுவில் வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் பிளேட் முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும், வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் கண்ணாடியாகத் தெரியும். அங்கே ஒன்றும் வளரவில்லை என்று அர்த்தம். குத்தாத புழுவின் ரத்தத்தையும் பக்கத்தில் வைப்போம். அதற்கு வட்டம் வரக்கூடாது. அதற்குப் பெயர் கண்ட்ரோல். குத்தினதால்தான் சுரந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்த விஷயத்தை அப்பாவிடம் முதன்முதலில் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. பையன்களை அடித்தார், வீட்டுக்கு வந்து என்னை அடித்தார். ஸ்போர்ட்ஸ் டேயில் இரண்டாவதாக வந்ததற்கு அடி. அடிக்கும்போது அழுததற்குத் தனியாக அடி. என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. புழு சமாச்சாரத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அடேயப்பா! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"குத்தினாத்தான் சரக்கு வெளிய வரும்னு என் பொண்ணு சயின்ஸ்ல கண்டுபிடிச்சிருக்கா! நான் அன்னைக்கே தெரிஞ்சு அடிச்சேன் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குத்தின புழுவை மறுநாள் என்ன செய்வோம் என்று இவர்கள் ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை. பைபிளை அம்மா கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

வீடு பெருங்களத்தூரில், ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே. பின்பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை. கொட்டகைக்காரக் குடும்பம் இந்த ஊரின் பழைய நிலக்காரர்கள். வயலெல்லாம் அபார்ட்மென்ட் ஆகிவிட்டது, ஆனால் மாடுகளை மட்டும் விடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சாணக்குப்பை. என் புழுக்களெல்லாம் அங்கிருந்துதான். நான் மண்வெட்டியால் கொத்துவேன், அப்பா சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அதோ ஒண்ணு, அதோ!" என்று மைதானத்தில் கத்துகிற மாதிரியே கத்துவார். அந்த ஒரு வேலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்தோம்.

போன வருஷ மழைக்கு முன்னால் அவருடைய வலது காலில் செருப்பு கடித்தது. சர்க்கரை வியாதிக்காரர், வலி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். நாற்றம் வந்தபிறகுதான் அம்மா காலைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் சதை கறுத்து, அமுக்கினால் பச்சையாகச் சீழ் வந்தது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சீழைப் பரிசோதித்துவிட்டு, இந்தப் பாக்டீரியாவுக்கு வழக்கமான மருந்து எதுவும் கேட்கவில்லை என்றார்கள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரெண்டு விரலை எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாம் சார். தள்ளிப்போடாதீங்க."

"விரலை வெட்டிட்டு நான் நொண்டிக்கினு போகவா? நான் பி.டி. மாஸ்டர், தெரியுமா உங்களுக்கு?" என்று அப்பா கத்தினதில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பண்டிகை முடியட்டும், அதுவரைக்கும் டிரிப்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தார். யார் பண்டிகை? ஆயுத பூஜை. நாங்கள் கிறிஸ்தவர்கள். காலைக் காப்பாற்ற அவருக்கு அன்றைக்கு எந்தச் சாமியின் பண்டிகையும் ஆகும்.

டாக்டரிடம் கேட்டு, என் பிஎச்.டி. ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியரையும் சம்மதிக்க வைத்து, அந்தக் காலிலிருந்து எடுத்த பாக்டீரியாவை என் லேபுக்குக் கொண்டுபோனேன். வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற கல்லூரி. பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, உள்ளே இருப்பது என் அப்பாவைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க அதை ஜன்னல் வழியே வீசிவிடலாம் போல இருந்தது. எல்லாம் கோபம்தான். அதைப் பிளேட்டில் பூசி, குத்தின புழுவின் ரத்தத்தை வைத்தேன். மறுநாள் காலையில் பெரிய வட்டம். பெரிய ஆஸ்பத்திரி மருந்துக்கே அசையாதது என் புழுவுக்குச் செத்திருந்தது. லேபிலேயே "சாவுடி!" என்று கத்திவிட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். தெளிந்த ரசம் மாதிரியான திரவத்தில் பாக்டீரியாவை வளர்த்து, ஆரம்பத்திலேயே புழு ரத்தத்தை ஊற்றினால் குழாய் தெளிவாகவே இருந்தது. கலங்கினபிறகு ஊற்றினால் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால் முன்வரிசைதான் சாகும், பின்னால் இருப்பது பெருகிக்கொண்டே போகும். அப்பாவின் கால் கலங்கின குழாய். இரண்டையும்தான் வீட்டில் சொன்னேன். அவர் காதில் வட்டம் மட்டும்தான் விழுந்தது.

"அப்ப கொண்டாந்து ஊத்தேன் என் கால்ல."

"ஊத்த முடியாதுப்பா. இது மருந்து இல்ல. மனுஷ உடம்புல போட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது."

"அப்பனுக்குச் செய்ய மாட்டே. ஊருக்கு மட்டும் படிப்பே" என்றார். நான் சாப்பாட்டுத் தட்டை சிங்க்கில் போட்ட வேகத்தில் அது நசுங்கிவிட்டது. இன்னும் அந்த நசுங்கின தட்டில்தான் சாப்பிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேபில் அதைக் கோயில் திருவிழா மாதிரி செய்வார்கள். சாமி கும்பிடாத நான்தான் முன்னால் நின்று சென்ட்ரிஃப்யூஜுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன், இன்குபேட்டருக்கு மாலை போடுவேன். அன்றைக்குக் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூட அழுக்காக இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மேஜையில் அடுக்கிவைத்துப் பொரி, சுண்டல் படைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும். விஜயதசமி, சனி, ஞாயிறு எல்லாம் கழிந்துதான் திறப்போம். அதுவரை கருவிகளுக்கு ஓய்வு. சங்கடம் என்னவென்றால் என் புழுக்கள் ஆளுக்கொரு கப்பில், அதன் சாணத்தோடு தனித்தனியாக இருந்தன. கப்புகளும் பூஜைக்குப் போக வேண்டியவை.

"இன்னாம்மா இது, இத்தினி கப்பு கீது. புழுவெல்லாம் ஒரே வாளில கொட்டிடலாம். லீவு முடிஞ்சி அப்பால பிரிச்சிக்கலாம்" என்றார் லேபில் உதவிக்கு இருக்கும் அக்கா. எனக்கும் அப்பாவின் கால் நினைப்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். சரி என்றேன். சாணத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரு வாளியில் கவிழ்த்து மூடி போட்டோம். வாளிக்கும் ஒரு பொட்டு வைத்தோம்.

லீவு முடிந்து வாளியிலிருந்து கொஞ்சம் புழுக்களை எடுத்து, பாதியைக் குத்தினேன். பாதியைக் குத்தாமல் வைத்தேன். மிச்சம் வாளியிலேயே கிடந்தது. மறுநாள் இரண்டிலும் ரத்தம் எடுத்து, அப்பாவின் பாக்டீரியா மேலேயே வைத்தேன். அதற்கடுத்த நாள் காலையில் பிளேட்டைத் திறந்தேன். குத்தின புழுவுக்கு வட்டம். குத்தாத புழுவுக்கும் வட்டம், அதே அளவு.

கைடு பார்த்தார். பிளேட்டை மேஜையில் அறைந்தார், அது இரண்டாகப் போனது.

"கண்ட்ரோலே கொல்லுதுன்னா நீ இத்தனை வருஷமா எதைக் குத்தினே? சும்மா இருக்கிற புழுவே வேலை செய்யுதே! உன் தீசிஸைக் கொண்டுபோய் அந்தச் சாணக்குப்பையிலயே போடு."

"கத்தாதீங்க சார். இதுக்கு ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடிக்கிறேன்" என்று நானும் கத்தினேன். அவர் வெளியே போய்விட்டார். உடைந்த பிளேட்டில் அப்பாவின் கிருமி இருந்தது, அதைப் பொறுக்கிக் கொதிக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் தணியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அம்மாவிடம் அடுக்களையில் பொரிந்து தள்ளினேன். குத்தவே வேண்டாமாம், சும்மா இருக்கிற புழுவிலேயே எல்லாம் இருக்கிறதாம், என் உழைப்பெல்லாம் நாசமாம். தவணை முடிந்தும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து, கூடத்தில் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் அதைக் கவனித்தேன். என் கஷ்டத்தைக் கேட்கிறார் போல என்று நினைத்தேன். பாவி மனசு, கொஞ்சம் இளகக்கூடச் செய்தது.

மறுநாள் நான் கல்லூரிக்குப் போனேன். அம்மா சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனாள். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு பின்கட்டு வழியாகச் சாணக்குப்பைக்குப் போயிருக்கிறார். கையாலேயே தோண்டியிருக்கிறார். ஒரு டப்பா நிறையப் புழுவோடு வந்து, அம்மா இஞ்சி பூண்டு இடிக்கிற கல்லில் போட்டு உயிரோடு இடித்து, புண்ணில் அப்பி, பழைய பனியனால் கட்டிக்கொண்டு, மேலே சாக்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து நாற்றம் என்னவென்று கேட்டதற்கு மாட்டுக்கொட்டகை என்றிருக்கிறார். நானும்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன், அந்த நாற்றத்தை முகர்ந்தேன், கைடை நினைத்துப் பல்லைக் கடித்தபடி தூங்கப் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா போன் செய்தாள். "அப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. யாரையோ விசில் அடிச்சு ஓடுன்னு கத்துறாரு. சீக்கிரம் வா."

நான் ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் சாக்ஸைக் கத்தரித்தார். பனியனை விலக்கினார். கால் முட்டி வரைக்கும் வீங்கிக் கருநீலமாக இருந்தது. புண் மேல் சாணமும் குழைவுமாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் குனிந்தேன். குழைவுக்கு நடுவில் பழுப்பாக ஒரு தலை. தாடையோடு முழுசாக இருந்தது. அந்தத் தலையை எனக்கா தெரியாது? "புழு சார்" என்றேன். வயதான மனிதர், ஜுரத்தில் கிடக்கிறார், அந்த நிமிஷம் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உனக்கு எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை!

இரண்டு விரலில் முடிந்திருக்க வேண்டியது. அன்றைக்குச் சாயங்காலமே முட்டிக்கு மேலே வெட்டினார்கள். வெட்டாவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். வெட்டின காலை வீட்டார் பார்க்க வேண்டும் என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்தக் காலால் எனக்கு எத்தனை உதை விழுந்திருக்கிறது. பார்த்ததும் ஓவென்று அழுதேன், சிஸ்டர் ஒருத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவர் கண் விழித்துப் பேசத் தொடங்கினபிறகு ஒரு நாள் காலையில் லேபுக்குப் போனேன். மிச்சப் புழுவையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று கைடு செய்தி அனுப்பியிருந்தார். வாளியைக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன். இருந்த வெறியில் எல்லாவற்றையும் கொதிநீரில் கொட்டியிருப்பேன். சாணம் போகட்டும் என்று முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். புழுக்கள் வெள்ளையாகக் கழுவி வந்தன. ஒவ்வொன்றின் உடம்பிலும் கரும்புள்ளி.

முன்னால் ரத்தம் எடுக்கும்போதும் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன. அவசரத்தில் துடைத்துவிட்டுச் சாணம் என்று இருந்துவிட்டேன். இப்போது நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. புழுவுக்குக் காயம்பட்டால் அந்த இடம் இப்படித்தான் கறுத்துப் பொருக்காகும். வாளிக்கு அடியில் இரண்டு புழுக்கள் பிரியாமல் கிடந்தன. ஒன்றின் தலை இன்னொன்றின் விலாவுக்குள் புதைந்திருந்தது. பொட்டு வைத்து, மூடி போட்டு, பூஜை என்று கதவைச் சாத்திவிட்டுப் போனோமே, அத்தனை நாளும் உள்ளே இடம் போதாமல் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்திருக்கின்றன. தாடையில் இருந்த சாணம் காயத்தில் இறங்கியிருக்கிறது. என் ஊசி செய்கிற வேலையை அவையே செய்துகொண்டுவிட்டன. அந்த வாளியில் கண்ட்ரோல் என்று ஒரு புழுகூட இல்லை. கைடுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் புள்ளியைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டு, "சரி, வா, எழுதலாம்" என்றார். என் தீசிஸ் பிழைத்துவிட்டது. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அப்பா முகம் சுருங்கிப்போயிருந்தது.

"உன் வட்டம் என்ன ஆச்சு?" என்றார். நடந்ததைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன். கேட்டபிறகு அடக்க முடியவில்லை. "சும்மா இருந்த புழுன்னு ஒண்ணு இல்லவே இல்லப்பா. வாளியில நெருக்கியடிச்சு எல்லாம் ஒண்ணையொண்ணு கடிச்சு வச்சிருக்கு. அதான் எல்லாத்துலயும் வட்டம் வந்துச்சு."

"அப்ப நான் எடுத்தது?"

"அது அதோட குப்பையில தின்னுக்கிட்டு நிம்மதியா இருந்தது. அதுகிட்ட ஏதுப்பா மருந்து? அதை யாரு என்ன பண்ணாங்க, சுரக்கிறதுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச் வாசலில் சொன்னதை நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. "நிம்மதியா இருந்துச்சா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு சட்டென்று வலது கையைத் தூக்கினார். நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். கண் மூடியிருந்தது, இடது முழங்கை மடங்கி முகத்துக்கு முன்னால் வந்திருந்தது. நான் எதுவும் யோசிக்கவில்லை, உடம்பு தானாகச் செய்தது. கண்ணைத் திறந்தால் கை அந்தரத்தில் அப்படியே நின்றிருந்தது. எனக்குப் பின்னால் ஸ்டூலில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

அவர் என் முழங்கையைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்தார்.

"தண்ணிம்மா" என்றார். "தண்ணிதான் கேட்டேன்."

மூடியைத் திறந்து கொடுத்தேன். பாட்டிலை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.